இலவச வைத்தியமும் காப்புறுதியும்: திருகோணமலையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

1

நோயுற்றவன் வைத்தியசாலை வாயிலிற் பணம் செலுத்த வேண்டுமா என்ற வினா, மேலோட்டமாக நோக்குவோர்க்கு வெறும் நிதி நிருவாக வினாவாகவே தோன்றும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, குறையை எவ்வாறு நிரப்பலாம் என்பனவே அதில் ஆராயத்தக்கவை என்ற எண்ணம், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இலங்கையில் மீண்டும் வலுப்பெற்றுள்ளது. வரிப்பணத்தைக் கொண்டு அனைவருக்கும் வைத்தியம் அளிப்பது இனி அரசுக்கு இயலாது, உழைப்போர் தவணைப்பணம் செலுத்தும் சுகாதாரக் காப்புறுதியே வழி என்பர் ஒரு சாரார். அது வறியோரைக் கைவிடுவதாகும் என்பர் மறுசாரார்.

இவ்வாதம் புதியதன்று. சுதந்திரத்தை அடுத்திருந்த ஆண்டுகளிலேயே இவ்வினா எழுந்து, ஒருவகை விடையும் பெற்றது. அவ்விடையைத் தந்த சமூக சக்திகள் எவை, அது யாரை உள்ளடக்கியது, யாரை வெளியே நிறுத்தியது என்பவற்றைத் திருகோணமலையை முன்னிறுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலங்கையின் சுகாதார வரலாறு பெரும்பாலும் கொழும்பிலிருந்தும் 1926இல் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்த களுத்துறையிலிருந்துமே எழுதப்பட்டுள்ளது. ஆயின் கூலிப்பட்டியலில் இடம்பெற்ற தொழிலாளியும், எப்பட்டியலிலும் இடம்பெறாத உழவனும் மீனவனும் ஒரே குடாவின் கரைகளில் அருகருகே வாழ்ந்த இடம் திருகோணமலை. காப்புறுதி பற்றிய எந்த வாதத்துக்கும் இவ்வேறுபாடே அடிப்படை என்பது மனங்கொள்ளத்தக்கது.

2

1795இல் பிரித்தானியர் கைப்பற்றிய நாள்முதல் திருகோணமலையின் பொருளாதார வாழ்வு துறைமுகத்தைச் சார்ந்து வளர்ந்தது. ‘டொக்யாட்’ என மக்கள் வழங்கிய கடற்படைத் தளமும், பின்னர் சீனன்குடாவில் எழுந்த எண்ணெய்க் குதங்களும் எழுதுவினைஞர், கம்மியர், சுமைகூலிகள் எனப் பலதிறப்பட்ட ஊதியம் பெறுவோரை உருவாக்கின. இவர்களுக்குப் பெயர்ப்பதிவு இருந்தது. மாதச் சம்பளம் இருந்தது. சம்பளத்திற் கழிக்கக்கூடிய முதலாளி ஒருவனும் இருந்தான். கடற்படையினருக்கெனத் தனி வைத்தியசாலையும் அமைந்திருந்தது.

தளத்தின் மதிலுக்கு வெளியே நிலைமை வேறு. கரைவலை இழுத்தவனுக்குக் கிடைத்தது கூலியன்று, பிடிபட்ட மீனிற் பங்கு. சம்மாட்டிக்கும் அவனுக்கும் இடையிலிருந்த உறவு முற்பணக் கடனால் ஆனது. தம்பலகாமத்து வயல்களிற் குத்தகைக்கும் கூலிநெல்லுக்கும் உழைத்தவனுக்கும், மூதூர், கிண்ணியாப் பகுதிகளில் விறகு வெட்டியும் சிறுபயிர் செய்தும் வாழ்ந்தவனுக்கும் மாதவருமானம் என்ற கருத்தே அந்நியமானது. இவர்களிடமிருந்து தவணைப்பணம் அறவிடுவதற்கு எப்பதிவேடும் இல்லை.

இங்கு ஒரு சொல்வழக்கையும் குறிப்பிடல் பொருந்தும். தமிழில் ‘தருமாசுபத்திரி’ என்ற சொல் வழங்கிவந்தது. தருமம் என்பது கொடுப்போன் விருப்பத்தைப் பொறுத்தது. பெறுவோன் அதனைக் கேட்டு வாங்க இயலாது. 1850இல் யாழ்ப்பாணத்தில் நண்பர் உதவிச் சங்கத்தின் பொறுப்பில் அமைந்த வைத்தியசாலை இத்தகைய அறக்கொடை முயற்சியே. 1858இல் குடியியல் வைத்தியத் திணைக்களம் நிறுவப்பட்ட பின்னரும் அரச வைத்தியத்துக்கு அறக்கொடையின் சாயல் நீங்கவில்லை. வசதியுள்ளோர் கட்டணம் செலுத்தினர். வறியோர் தம் வறுமையை எடுத்துக்காட்டி விலக்குப் பெற்றனர். தருமத்தை உரிமையாக மாற்றுவதற்கு வைத்திய விஞ்ஞானத்தின் வளர்ச்சி மட்டும் போதாதிருந்தது. அதற்கு அரசியல் வேண்டியிருந்தது.

3

அவ்வரசியல் 1931இல் டொனமூர் யாப்பு வழங்கிய சர்வசன வாக்குரிமையுடன் தொடங்கியது. இலங்கையின் உயர்குழாத்தினர் பலர் விரும்பாத இவ்வாக்குரிமை, வைத்தியசாலையைத் தேர்தல் மேடைக்குக் கொண்டுவந்தது. 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இடதுசாரி இளைஞர் கேகாலைப் பகுதியில் நிவாரணப் பணியாற்றினர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. மறு ஆண்டுத் தேர்தலில் அப்பகுதியைச் சேர்ந்த ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்து என்.எம். பெரேரா அரசாங்க சபைக்குத் தெரிவானார். நோய் அரசியலாக மாறிய தருணம் அது.

எனினும் அக்கொள்ளைநோய் பெருமளவிற் தாக்கியது, மலேரியாவுக்குப் பழக்கப்படாத தென்மேற்கு ஈரவலயத்தின் எல்லைப் பகுதிகளையே. திருகோணமலை உள்ளிட்ட வறண்ட வலயத்தில் மலேரியா ஆண்டுதோறும் இருந்துவந்த நோய். கொள்ளைநோய் செய்தியாகும், வழமையான நோய் செய்தியாவதில்லை. அரசியற் கவனம் நோயின் கடுமையை மட்டுமன்றி, நோயுற்றோர் வாழ்ந்த இடத்தையும் அவர்தம் வாக்குப் பலத்தையும் பொறுத்தமைந்தது என்பது இதனாற் புலப்படும்.

1940களில் இவ்வினா கொள்கை வடிவம் பெற்றது. 1942இல் பிரித்தானியாவில் வெளிவந்த பெவரிஜ் அறிக்கை குடியேற்ற நாடுகளிலும் எதிரொலித்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் அமைந்த சமூக சேவைகள் ஆணைக்குழு 1947இல் தன் அறிக்கையை வெளியிட்டது. சமூகக் காப்புறுதி பற்றிய வினாக்களும் அதன் ஆய்வுக்கு உட்பட்டன. ஆயின் நாடளாவிய சுகாதாரக் காப்புறுதி எதுவும் நிறுவப்படவில்லை. மாறாக 1951இல் அரச வைத்தியசாலைக் கட்டணங்கள் நீக்கப்பட்டு, வரிப்பணத்தில் இயங்கும் இலவச சேவை பொதுவிதியாயிற்று.

காப்புறுதி ஏன் தவிர்க்கப்பட்டது? 1883இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்புறுதிச் சட்டமும், பிரித்தானியாவின் 1911ஆம் ஆண்டுச் சட்டமும் கைத்தொழில் முதலாளித்துவத்தின் குழந்தைகள். 1911ஆம் ஆண்டுச் சட்டம் காப்புறுதி பெற்ற தொழிலாளிக்கு வைத்தியம் அளித்ததேயன்றி, அவன் மனைவி மக்களுக்கு அளிக்கவில்லை. கூலியுழைப்பே பொதுநிலையாகாத இலங்கையில் அம்முறை டொக்யாட் தொழிலாளியைத் தழுவியிருக்கலாம். கரைவலைக்காரனையும் தம்பலகாமத்து உழவனையும் தழுவியிராது. தவணைப்பணம் செலுத்த இயலாத அவர்களிடமும் வாக்கு இருந்தது. ஆகவே உற்பத்தி உறவுகள் காப்புறுதியைக் கடினமாக்கின. வாக்குரிமை இலவச சேவையை அவசியமாக்கியது எனலாம்.

அதே 1951ஆம் ஆண்டு பிரித்தானியாவின் தொழிற்கட்சி அரசாங்கம் தானே நிறுவிய தேசிய சுகாதார சேவையிற் பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிகளுக்கும் கட்டணம் விதித்தது. அதனை எதிர்த்து அனூரின் பெவன் பதவி துறந்தார். ஆண்ட நாடு கட்டணத்தை நோக்கித் திரும்பிய வேளையில் ஆளப்பட்டிருந்த நாடு அதனைக் கைவிட்டது.

4

இதனை முற்போக்கின் வெற்றி என்று மட்டும் கூறி நிறுத்திவிடுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. இலவச வைத்தியத்துக்கான பணம் எங்கிருந்து வந்தது? தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதித் தீர்வைகள் அரச வருவாயின் முக்கிய தூண்களாயிருந்தன. 1950-51இல் கொரிய யுத்தம் இறப்பர் விலையை உயர்த்தியது. அவ்வருவாயை ஈட்டித்தந்த மலையகத் தமிழ்த் தொழிலாளரோ, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் வாக்குரிமை இழந்தோராயினர். அவர்தம் வைத்தியம் 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்கீழ்த் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையான பின்னரும் நீண்டகாலம் அப்பொறுப்பு முழுமையாகப் பொதுச்சேவையுடன் இணையவில்லை. இலவச சேவைக்கு உழைப்பால் விலை கொடுத்தோர் அதன் வாயிலுக்கு வெளியே நின்றனர். வாக்கு இருந்த இடத்தில் உரிமை இருந்தது; வாக்குப் பறிக்கப்பட்ட இடத்தில் முதலாளியின் தயவே எஞ்சியது.

முதலாளியின் தயவு எவ்வளவு நிலையற்றது என்பதைத் திருகோணமலை வேறொரு வகையிற் கண்டது. 1957 ஒக்டோபரில், எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பிரதமராயிருந்த காலத்தில், கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஏகாதிபத்திய எதிர்ப்பு நோக்கில் அது வரவேற்கத்தக்க நிகழ்ச்சி. ஆயின் தளத்தை நம்பியிருந்த தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். நகரின் வணிகமும் தளர்ந்தது. அத்தொழிலாளரின் வைத்திய உரிமை வேலையுடன் கட்டுண்ட காப்புறுதியாக இருந்திருப்பின், அடையாள அட்டையுடன் அதுவும் போயிருக்கும். வேலையிழந்த மறுநாளும் நகரின் அரச வைத்தியசாலை அவர்களுக்குத் திறந்திருந்தது. வரிவழிச் சேவைக்கும் தொழில்வழிக் காப்புறுதிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

5

இடதுசாரிகள் தம்மைத் தாமே விசாரித்துக்கொள்ள வேண்டிய இடமும் இவ்வரலாற்றில் உண்டு. 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் நிதி அமைச்சர் என்.எம். பெரேரா. மலேரியாக் காலத்தில் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்ற அவருடைய பொறுப்புக் காலத்திலேயே, 1971இல், வெளிநோயாளருக்கு 25 சதக் கட்டணம் விதிக்கப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் வரவுசெலவுப் பற்றாக்குறையும் காரணங்களாயின. தொகை சிறிது, தேவையற்ற வருகை குறையும் என்ற நியாயங்களை முழுதும் பொய்யெனல் இயலாது. அரசின் கையிற் பணமில்லை என்பது உண்மையே.

விளைவு யாது? வெளிநோயாளர் வருகை குறிப்பிடத்தக்க அளவு வீழ்ந்தது. தேவையற்றது எது, தேவையானது எது என்று 25 சதம் பிரித்தறிவதில்லை. கையிற் காசுள்ளவனையும் இல்லாதவனையும் மட்டுமே அது பிரித்தறியும். கடல் கொந்தளிக்கும் மாரிகாலத்தில், வலை இறங்காத வாரங்களில், மீனவன் குடிசையில் நாணயம் புழங்குவதில்லை. ஆனால் காய்ச்சல் வருவதும் அம்மாரிகாலத்திலேயே.

இதைவிடப் பெரிய முரண் 1977இல் நேர்ந்தது. இடதுசாரிகள் விதித்த கட்டணத்தைத் திறந்த பொருளாதாரத்தின் பிதாக்கள் நீக்கினர். அதே ஆட்சி அரச வைத்தியர் தனியார் தொழில் செய்வதற்கு இடமளித்தது. தனியார் வைத்தியசாலைகள் பெருகின. வாயிலில் அழிந்த கட்டணம் வேறிடத்தில் உயிர்த்தெழுந்தது. நகரங்களில் ‘சனல்’ செய்தல் என்று வழங்கும் தனியார் வைத்திய ஆலோசனையும், வெளிக்கடையில் வாங்கும் மருந்தும், வெளியே செய்யும் பரிசோதனையும் பெருகி, நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ அரைவாசி இன்று தனிமனிதர் கையிலிருந்தே செல்கிறது.

6

கட்டணம் பணவடிவில் மட்டும் வருவதில்லை. கொட்டியாரக் குடாவின் மறுகரையிலிருந்த மூதூர் நோயாளிக்குத் திருகோணமலை வைத்தியசாலை இலவசம். வள்ளமும் லோஞ்சும் இலவசமல்ல. தரைவழியே வருவோர் ‘பாதை’ எனக் கிழக்கில் வழங்கும் மிதவைகளிற் துறைகளைக் கடக்க வேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் 2009இலேயே திறக்கப்பட்டது. இடைப்பட்ட யுத்தகாலத்தில் சோதனைச்சாவடியும் ஊரடங்கும் இக்கட்டணத்தைப் பன்மடங்காக்கின. 2004 டிசம்பர் ஆழிப்பேரலை கிண்ணியா வைத்தியசாலையைச் சிதைத்தது. 2006 ஓகஸ்டு மோதல்களில் மூதூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். சட்டத்தில் இலவசமான ஒன்று, துறையிலும் சாவடியிலும் விலை பெற்றது. இலவச சேவையைப் புகழ்வோர் இதனை மறத்தலாகாது.

7

காப்புறுதியை ஆதரிப்போரின் வாதத்தில் வலுவான பகுதி ஒன்றுண்டு. 2022இல் அந்நியச் செலாவணி வறண்டபோது மருந்துகள் தட்டுப்பாடாயின. பேராதனை வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்த வேண்டியதாயிற்று. பணம் எப்படியும் மக்கள் கையிலிருந்தே செல்கிறதெனில், நோய்ப்படுக்கையில் மொத்தமாகக் கொடுப்பதைவிட, நலமாயிருக்கும்போது சிறிது சிறிதாகச் சேர்ப்பது மேலன்றோ என அவர்கள் கேட்கின்றனர். இதனை எள்ளி ஒதுக்குதல் ஆகாது.

ஆனால் யார் சேர்ப்பது, சேர்ந்த பணம் எங்கே செல்வது என்பன அடுத்த வினாக்கள். அரச ஊழியருக்கென 1990களில் தொடங்கிய அக்ரஹார காப்புறுதி, நிரந்தரச் சம்பளம் உள்ளோரையே தழுவியது. தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில், வறியோருக்கான தவணைப்பணத்தை அரசே செலுத்தியது. அதனாற் பல குடும்பங்கள் பெருஞ்சிகிச்சை பெற்றன என்பது மறுக்க இயலாதது. அதேவேளை, பொதுப்பணம் காப்புறுதிக் கம்பனி வழியாகத் தனியார் மருத்துவமனைக்குச் செல்வதைவிட அரசு மருத்துவமனையை வளர்ப்பதே முறை என்ற எதிர்வாதமும் அங்கு வலுவாக எழுந்தது. வறியோரின் தவணைப்பணத்தை அரசே செலுத்துமாயின், அதுவும் வரிப்பணமே. வரிப்பணம் இல்லை என்ற வாதம் அவ்விடத்திற் தன்னைத் தானே மறுக்கிறது.

திருகோணமலையிற் கரைவலைத் தொழிலாளியும் நாட்கூலியும் குத்தகை உழவனும் இன்றும் எப்பட்டியலிலும் நிலையாக இல்லை. இவர்கள் அரிசிக்கும் சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் மறைமுக வரி செலுத்துகின்றனர். வைத்தியத்துக்குரிய தவணையை அவ்வழியே ஏற்கெனவே கட்டிவிட்டனர். ஆகவே விவாதிக்க வேண்டியது, வறியோரிடம் மேலும் எவ்வாறு அறவிடலாம் என்பதன்று. நேர்முக வரியை யார் செலுத்தாதிருக்கின்றனர், வரவுசெலவில் வைத்தியசாலைக்கு முன்னே நிற்கும் செலவுகள் எவை என்பதே. 1951ஆம் ஆண்டின் விடை குறைபாடுடையது, மலையகத்தை விலக்கியது, குடாவின் மறுகரையை மறந்தது. அக்குறைகளுக்குரிய திருத்தம், விலக்கப்பட்டோரையும் உள்ளடக்குமாறு அவ்விடையை விரிப்பதாகும். மறுபடியும் பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தயாரித்து வைத்தியசாலை வாயிலில் தொங்கவிடுதல் ஆகாது.