ஆயிரத்துள் ஒரு பத்து

மறைநூல்களில் வரும் எண்களை வெறும் அலங்காரமென்று தள்ளிவிடுகிறோம். ஆயின் நம்மாழ்வாரின் திருவாய்மொழி நமக்குக் கிடைத்ததே ஓர் எண்ணால்தான்.

ஏறத்தாழ கி.பி. 9-10ஆம் நூற்றாண்டு. வீரநாராயணபுரத்துக்கு வந்த யாத்திரிகர் சிலர் குடந்தை ஆராவமுதன்மீது ஒரு பதிகம் ஓத, நாதமுனிகள் கேட்டாரெனக் குருபரம்பரை கூறும். ஆயிரத்துள் இது ஒரு பத்து என்றது இறுதிப் பாட்டு. எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூறு எங்கே? வந்தவர்கள் அறியார். அவ்வினாவே அவரைக் குருகூருக்குச் செலுத்தியது. அங்கு மதுரகவியின் கண்ணிநுண் சிறுத்தாம்பை 12,000 முறை ஓதி, முழுவதையும் பெற்றாராம்.

ஆனால் இன்று நாம் எண்ணினால் பாடல்கள் 1102! ஆழ்வார் கணக்கில் தவறினாரா? இல்லை. பதிகங்கள் நூறு; ஒவ்வொன்றின் இறுதிப் பாட்டும் ஓதுவார் பெறும் பயனைச் சொல்வது; பத்து என்ற கணக்கில் அது சேராது. அந்த நூறையும் நீக்கினால் 1002.

மிஞ்சிய இரண்டு? கேசவன் முதல் தாமோதரன் வரை பன்னிரு திருநாமங்களுக்கும் பெயருக்கொரு பாட்டாக அமைந்த பதிகம் ஒன்று உண்டு. அங்கு மட்டும் பத்து பன்னிரண்டாயிற்று. கணக்குக்காக இரண்டு திருநாமங்களை விட்டுவிட ஆழ்வாருக்கு மனம் வரவில்லை போலும்.