வெளிச்சத்தைக் குறைத்தால் ஏன் இரைச்சல் வருகிறது?



வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்றே தனி அறை அமைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், அப்பா பாடின கேசட்டை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். அவர் இப்போது இல்லை. டிம்மரைத் திருப்பி லைட்டைக் குறைத்தால் பாட்டோடு 'ர்ர்ர்' என்று ஒரு சத்தமும் பதிவாகிறது. ஏன் சார்?"

இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். முன்பெல்லாம் நாடக அரங்குகளில் விளக்கை மங்கச் செய்யப் பெரிய மின்தடைகளை வைத்தார்கள். மின்சாரத்தில் ஒரு பங்கு வெறும் சூடாகப் போகும். பிறகு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. கனம் அதிகம், விலையும் அதிகம். ஆனால் இரண்டிலும் ஒரு நல்ல குணம் உண்டு: மின் அலையின் உயரம்தான் குறையும், வடிவம் மாறாது. அதனால் இரைச்சல் இல்லை.

1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் தைரிஸ்டரை அறிமுகப்படுத்தியது. ஜோயல் ஸ்பைரா என்பவர் 1959-இல் நியூயார்க்கில், சுவரிலுள்ள சுவிட்ச் பெட்டிக்குள் அடங்கும் டிம்மரை உருவாக்கினார். 1961-இல் லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார். வீட்டுக்கு வீடு டிம்மர் போக வழி பிறந்தது அப்போதுதான்.

தைரிஸ்டர் வைத்த டிம்மர் அலையின் உயரத்தைத் தொடுவதில்லை, அலையையே வெட்டுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 அரை அலைகள். ஒவ்வொன்றிலும் முதல் பகுதியை நிறுத்திவைத்துவிட்டு, நடுவில் சட்டென்று திறந்துவிடும். சரிபாதியில் திறந்தால் 230 வோல்ட் லைனில் ஏறக்குறைய 325 வோல்ட் ஒரே தாவலாக ஏறும். இந்தத் தாவலிலிருந்துதான் 100 ஹெர்ட்ஸ் முதல் ரேடியோ அலைவரிசை வரை இரைச்சல் கிளம்புகிறது. ஆகவே முழு வெளிச்சத்தைவிட நடு வெளிச்சத்தில்தான் தொல்லை அதிகம். கேசட் ஹெட் தரும் சமிக்ஞையோ ஒரு மில்லிவோல்ட்கூட இருக்காது. அதைப் பல மடங்கு பெருக்கும்போது கூடவே இந்த இரைச்சலும் பெருகுகிறது.

எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் வந்த புதிதில் மீடியம் வேவ் ரேடியோ கரகரத்தது பலருக்கு நினைவிருக்கும். அதுவும் இதே சங்கதிதான்.

டிம்மரில் நல்ல சோக் இருந்தால் தாவல் மட்டுப்படும். மலிவான டிம்மர்களில் அதைத்தான் மிச்சம் பிடிப்பார்கள். ஆம்ப்ளிஃபயருக்குத் தனி லைன் இழுப்பதும், கேசட் ஒயரை விளக்கு ஒயரோடு சேர்த்து ஓட்டாமல் இருப்பதும் உதவும். எர்த்தைக் கழற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து.

அந்த மாணவரிடம் சொன்னது இதுதான்: பதிவு செய்யும்போது வீட்டிலுள்ள எல்லா டிம்மரையும் அணைத்துவிடு, பேட்டரி விளக்கு ஒன்று போதும். பழைய நாடாவை எத்தனை முறை ஓட்ட முடியும் என்று சொல்ல முடியாது. இரைச்சல் ஏறிய பதிவில் அதை மட்டும் தனியே பிரித்து எடுப்பதும் எளிதல்ல. முதல் கேசட்டை இன்று இரவு மறுபடி ஏற்றப்போகிறார்.