சட்டம் கோப்பவருடையது, நிறம் காகிதத்துடையது

டொனால்ட் நூத் 1970களின் இறுதியில் உருவாக்கிய டெக் என்ற பக்கக்கோப்பு மென்பொருளில் கோடு போட அடிப்படைக் கட்டளைகள் உண்டு. நான்கு கோடுகளை அடுக்கினால் சட்டம் கிடைத்துவிடும். பக்கத்துக்குப் பின்புல நிறம் பூச மட்டும் கட்டளை கிடையாது. இதை மறதி என்பது எளிது. பழைய அச்சகத்தின் வேலைப்பிரிவினையே அதில் தொடர்கிறது என்பது என் கணிப்பு. 1476இல் வெனிஸில் எர்ஹார்ட் ராட்டோல்ட் அச்சிட்ட நாட்காட்டி நூலின் முகப்பைச் சுற்றி மரக்கட்டைச் சட்டம் இருக்கிறது. எழுத்தின் உயரத்துக்கே செதுக்கிய கட்டைகளை எழுத்தோடு சேர்த்து இறுக்கி ஒரே அழுத்தத்தில் அச்சிட முடியும். ஆகவே சட்டம் எழுத்துக் கோப்பவரின் சொத்து. நிறமோ காகிதப் பட்டறையிலிருந்து வந்தது: அச்சாளர் ஆல்டஸ் மனூட்டியஸ் 1514இல் சில பிரதிகளுக்கு நீலக் காகிதம் வாங்கினாரே தவிர, வெள்ளைத் தாளில் நீலம் பூசவில்லை.

ஊதாத் தோலில் வெள்ளி எழுத்தால் எழுதிய 6ஆம் நூற்றாண்டுக் கோடெக்ஸ் அர்ஜென்டியஸைக் காட்டி மறுக்கலாம். அங்கும் எழுதுபவர் கைக்கு வருமுன்பே தோலில் சாயம் ஏறிவிட்டது. டெக் உருவான காலத்து அச்சுக்கருவிகளில் வண்ணமே இல்லை என்ற மறுப்பு இன்னும் வலுவானது, பாதி உண்மையும்கூட. ஆனால் கறுப்பு மட்டும் அறிந்த கருவியிலும் கறுப்புப் புள்ளிகளைத் தூவிச் சாம்பல் நிறம் காட்டலாம். அதற்கும் டெக்கில் கட்டளை இல்லை. நிறம் பிறகு ‘ஸ்பெஷல்’ என்ற பின்வாசல் வழியாக, அச்சுக்கருவிக்கு எழுதிய சீட்டாகவே நுழைந்தது. டெக்கின் மேல் அமைந்த இன்றைய லேடெக்கின் ‘பேஜ்கலர்’ கட்டளையும் முதலில் தாள் முழுக்கச் சாயம் பூசிவிட்டுத்தான் எழுத்தை அதன்மேல் வைக்கிறது.