எது முந்தியது?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம் முன்னோர் எவ்வாறு நுழைந்தனர் என்று மாணவர்களை வினவினால், "அரசாங்கம் சட்டம் இயற்றியது; பிறகு உள்ளே விட்டார்கள்" என்ற விடையே பெரிதும் வருகின்றது. மேடைகளிலும் இவ்வாறு பேசக் கேட்டிருக்கின்றோம். பலர் சொல்லுவதனாலேயே ஒரு கூற்று வரலாறு ஆகிவிடுமா? ஆராய்ந்து பார்ப்போம்.

முதற்கண் நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் வைக்க வேண்டும். 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயரின் முயற்சியால், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமுதாயத்தினர் ஐவரும் நாடார் ஒருவரும் ஆலயத்தினுள் சென்று வழிபட்டனர். இராஜாஜி அமைச்சரவையின் காலத்து அவசரச் சட்டமும், அதையடுத்து வந்த சட்டமும் அதற்குப் பின்னரே பிறந்தன. 1938ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டமோ மலபாருக்கு மட்டுமே உரியது. எனவே நுழைவு முந்தியது, சட்டம் பிந்தியது.

இரண்டாவதாக, ஆவணம் தன்னையறியாமல் சொல்லும் செய்தியைக் கேட்க வேண்டும். 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே அனுமதியைக் குறிக்கும் சொல்லோடு, முன்பு செய்த செயலுக்காக எவரும் வழக்குக்கு ஆளாகாமல் காப்பதைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்திருக்கின்றது. அக்காப்பு ஏன் தேவைப்பட்டது? 1897இல் கமுதிக் கோயிலில் நுழைந்த நாடார்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலிலும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பாயிற்று. மதுரையில் நுழைந்தவர்களும், அதற்கு ஒத்துழைத்த கோயில் நிருவாக அதிகாரி ஆர். எஸ். நாயுடுவும் எத்தகைய ஆபத்தை ஏற்றனர் என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடுகின்றது.

மூன்றாவதாக, நமக்கு உவப்பான கூற்றையும் அதே தராசில் நிறுக்க வேண்டும். "எவர் துணையுமின்றி நாமே கதவைத் திறந்தோம்" என்று நம்மவர் சிலர் முழங்குவதுண்டு. ஐயரின் உழைப்பை மறைக்கும் அக்கூற்றைச் சான்றுகள் ஏற்கவில்லை. ஐயரை மட்டும் புகழ்ந்து, தும்பைப்பட்டிக் கக்கனையும் உடன் சென்றோரையும் மறந்துவிடும் கூற்றும் அரை உண்மையே.

நான்காவதாக, ஊர்ப் பெரியவர் பழைய செய்தி ஒன்றைக் கூறினால், அவர் கண்டு சொல்கிறாரா, கேட்டுச் சொல்கிறாரா என்று பணிவுடன் வினவ வேண்டும். இரண்டும் பயனுடையவையே, எனினும் இரண்டின் எடையும் ஒன்றன்று.

இளைஞர்களே! நாம் துணிந்து எடுத்து வைத்த அடியைப் பிறர் அளித்த கொடை என்று எழுதிவிட்டால், நம் பிள்ளைகள் கொடைக்காகக் காத்திருக்கவே கற்பார்கள். ஆகவே உங்கள் ஊரில் கோயில், குளம், பள்ளிக்கூடம் ஆகியவை நம்மவர்க்கு எந்த ஆண்டில், எவ்வாறு திறந்தன என்று விசாரியுங்கள். சொன்னவர் பெயரையும் நாளையும் குறித்து வையுங்கள். பழைய பத்திரம், நோட்டீசு, நிழற்படம் எதுவாயினும் பத்திரப்படுத்துங்கள். அவற்றைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்க்கும் பணியே நம் சங்கம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஆற்ற வேண்டிய கல்விப்பணி என்பது நம் கருத்து.