மரத்த பாதமும் வேலூர் தந்த பாடமும்

பாத அறுவை சிகிச்சையில் நரம்பு நசுங்கினாலோ அறுந்தாலோ அதற்குரிய தோல் மரத்துப்போகும். உறை தப்பி உள்ளிழை மட்டும் முறிந்திருந்தால் நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். கணுக்காலிலிருந்து விரல் நுனியை எட்ட மாதக்கணக்காகும். 1915-இல் ஜெர்மனியின் ஹாஃப்மனும் பிரான்சின் டினெலும் அந்த வளர்ச்சியைத் தொடர வழி கண்டனர்: நரம்பின்மேல் விரலால் தட்டினால் வளரும் முனையில் சுரீரென்று கூச்சம் எழும்.

மரத்த பாதம் படும் பாட்டை உலகுக்கு விளக்கியது வேலூர்தான். அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் உணர்விழந்தவரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் பட்ட காயங்களாலேயே சிதைகின்றன என்று காட்டினார். ஒருமுறை தம் குதிகாலில் உணர்வில்லை என்று தோன்ற, இரவெல்லாம் தொழுநோய் என்றே அஞ்சினார். காலையில் ஊசியால் குத்தினார், வலித்தது. அந்த வலிக்காக அவர் நன்றி சொன்னதில் வியப்பில்லை.

தசைநாரை மாற்றித் தைத்து, நரம்பு கெட்டுத் தொங்கும் பாதத்தை நிமிர்த்தலாம். இழந்த உணர்வு அதனால் திரும்பாது. ஆகவே வேலூரிலும், அருகே 1955-இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் நுண்துளை ரப்பர் செருப்புகள் உருவாயின. இன்று 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டுச் சோதிக்கிறார்கள். அது தெரியாத பாதத்துக்குப் புண் வரும் அபாயம் அதிகம். அதைத் தினமும் கண்ணால் பார்த்தே காக்க வேண்டும்.