மகாராஜா வீடு திரும்பிய கதை

1932, அக்டோபர் 15. கராச்சியிலிருந்து ஒரு சின்னஞ்சிறு விமானம் கிளம்பியது. பயணிகள் யாரும் கிடையாது. சுமார் 25 கிலோ தபால், அவ்வளவுதான்! அகமதாபாத் வழியாக அதை பம்பாய்க்கு ஓட்டி வந்தவர், 28 வயது ஜே.ஆர்.டி. டாட்டா. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி லைசென்ஸ் இவருடையதுதான். அங்கிருந்து பெல்லாரி வழியாக நம்ம சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட்.

இந்த டாட்டா ஏர்லைன்ஸ்தான் 1946-ல் 'ஏர் இந்தியா' ஆனது. 1948-ல், அரசுக்கு 49 சதவிகிதப் பங்கோடு லண்டனுக்கும் பறந்தது.

சிக்கல் உள்நாட்டில். உலகப் போர் முடிந்ததும், ராணுவம் கழித்துப்போட்ட டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. ஆளாளுக்குக் கம்பெனி ஆரம்பித்தார்கள். அரசும் தாராளமாக லைசென்ஸ் கொடுத்தது. ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை. இப்படி லைசென்ஸை அள்ளிவிட்டால் யாருமே பிழைக்க முடியாது என்று எச்சரித்தார் ஜே.ஆர்.டி. அரசு கண்டுபிடித்த மருந்து வேறு. 1953-ல் எல்லாம் தேசியமயம்!

தன்னைக் கலந்து பேசவில்லையே என்று ஜே.ஆர்.டி.க்கு ஏகப்பட்ட வருத்தம். இருந்தும் ஏர் இந்தியாவின் தலைவராக இருக்கச் சொல்லி நேரு அரசு கேட்டபோது, சம்பளமில்லாமல் ஒப்புக்கொண்டார். அடுத்த 25 வருடங்கள், முதலாளி அரசாங்கம், நடத்தியவர் ஜே.ஆர்.டி. விமானத்தில் ஏறினால் டீயின் நிறம் வரை கவனித்துக் குறிப்பு அனுப்பிவிடுவார்.

1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு அவரை நீக்கியது. அந்தத் தகவலே, புதிய தலைவராக நியமிக்கப்பட்ட பி.சி.லால் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது!

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 2007-ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைப்பு, நஷ்டம், கடன். 2021 ஆகஸ்ட் முடிவில் கடன் மட்டும் 61,500 கோடி ரூபாய்க்கு மேல். டாட்டா 18,000 கோடிக்கு ஏலம் எடுத்தது. அதில் ரொக்கம் 2,700 கோடி; மீதி 15,300 கோடி கடனை ஏற்றுக்கொண்ட வகையில். 2022, ஜனவரி 27 அன்று மகாராஜா பழைய வீட்டுக்குத் திரும்பினார். பாக்கி 46,000 கோடிக் கடன்? அரசின் தலையில். அதாவது, வாழ்நாளில் விமானமே ஏறாதவர் கட்டிய வரியிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு.

'பார்த்தீர்களா, அரசு தொட்டால் இப்படித்தான்' என்று சட்டென்று தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். போருக்குப் பின் நஷ்டத்தில் தள்ளாடியவை தனியார் கம்பெனிகள். ஏர் இந்தியா உலகப் புகழோடு பறந்த காலத்தில் அது அரசுச் சொத்து. அன்று டீயின் நிறத்தைக்கூடக் கவனிக்க ஓர் ஆள் இருந்தார். அவரை அவர் போக்கில் வேலை செய்ய விட்டது அரசு. ரெண்டும் போன பிறகு, போர்டில் யார் பெயர் இருந்து என்ன பிரயோஜனம்?