அழைப்பவர் யார்?



மத்தியான வேளை. சோறு பிசைந்த கையைக் கழுவிவிட்டு ஓடிப்போய்த் தொலைபேசியை எடுக்கிறோம். "வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து பேசுகிறோம்" என்கிறது ஒரு குரல். எந்த நிறுவனம்? பேசுபவர் பெயர் என்ன? பதில் இல்லை. மாறாக, நம்முடைய பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கேட்கிறது. வாசலில் நிற்பவரை "யாரது?" என்று கேட்ட பிறகே உள்ளே விடும் நாம், தொலைபேசியில் மட்டும் அந்த வழக்கத்தை எப்படி இழந்தோம்? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், 21 சந்தாதாரர்களுடன் ஒரு தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் வெளிவந்த விவரத் தாளில் பெயர்கள் மட்டுமே இருந்தன, எண்கள் இல்லை. "இன்னார் வேண்டும்" என்று நிலையத்திலுள்ள இணைப்பாளரிடம் சொன்னால் போதும். சிங்கப்பூருக்கு 1879ஆம் ஆண்டிலேயே தொலைபேசி வந்துவிட்டது.

அந்த இணைப்பாளருக்கு அழைப்பவரும் தெரியும், அழைக்கப்படுபவரும் தெரியும். நான் வளர்ந்த தோட்டத்திலும் தொலைபேசி ஆபீசில் மட்டுமே இருந்தது. அழைப்பு வந்தால், யார், எந்த ஊர், என்ன சங்கதி என்று கிராணி ஐயா விசாரித்த பிறகே லயத்துக்கு ஆள் வரும்.

இந்த நிலை மாறக் காரணமானவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். ஈமச் சடங்கு ஏற்பாடுகளைத் தொழிலாகக் கொண்டவர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பாளர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுவதாக அவர் ஐயுற்றார் என்று சொல்வார்கள். 1891இல் தானியங்கி இணைப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அத்தகைய நிலையம் இயங்கத் தொடங்கியது. இடையில் நின்று ஒட்டுக்கேட்பவர் போனார். ஆனால் அழைப்பது யார் என்று அறிந்திருந்த ஒரே ஆளும் அவரோடு போய்விட்டார்!

அழைப்புக் கட்டணம் குறையக் குறைய, விற்பனை அழைப்புகள் பெருகின. அழைப்பவரின் எண்ணைக் காட்டும் வசதி 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அறிமுகமானது. பின்னர் அந்த எண்ணையே பொய்யாகக் காட்டும் தந்திரமும் வந்தது. சட்டமும் பின்தொடர்ந்தது. அமெரிக்கா 2003இல் 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டைத் தொடங்கியது. சிங்கப்பூரில் அத்தகைய பதிவேடு 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலாகியது. விற்பனைக்காக என் விவரங்களைப் பயன்படுத்தாதீர் என்று எழுத்து மூலம் அறிவிக்கும் உரிமையை அது நமக்குத் தருகிறது.

ஆயினும், சட்டத்துக்கு அஞ்சுபவன் நேர்மையான வணிகன். மோசடிக்காரன் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற என் தாயார், ஒருமுறை இத்தகைய குரலுக்குத் தம் அடையாள அட்டை எண்ணைச் சொல்லிவிட்டார். நான் பதறியபோது, "மரியாதையாகக் கேட்டாங்க ஐயா, பதில் சொல்லாம எப்படி இருக்கிறது?" என்றார். நல்ல வேளையாகப் பணம் ஏதும் போகவில்லை. ஆனால் ஆயுள் முழுவதும் சேர்த்த சேமநிதி, இப்படிப்பட்ட மரியாதையாலேயே பறிபோகக்கூடும் என்பதை அன்று உணர்ந்தேன்.

ஆகவே நேயர்களே, கிராணி ஐயா கேட்ட கேள்விகளை இனி நாமே கேட்போம். யார்? எங்கிருந்து? என்ன காரியம்? தெளிவான பதில் இல்லையேல் தொலைபேசியை வைத்துவிடுவோம். தெளிவாகப் பதில் சொன்னாலும், பில்லில் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நாமே அழைத்து உறுதி செய்வோம். மலேசியாவில் பணம் ஏமாந்தவர்கள் தயங்காமல் 997 எண்ணை உடனே அழைக்கலாம். "யாரது?" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று, வீட்டைக் காப்பவரின் கடமை. இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றே எடுத்துச் சொல்லுங்கள்.